முதுகைக் காட்டி நின்ற இசைக்காரர்



கடந்த ஆகஸ்ட் 15 காலையில் நம் வளாகத்தில் கொடியேற்றியபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒலிபெருக்கியில் போட வேண்டிய பதிவு கடைசி நேரத்தில் ஓடவில்லை. சரி, வாயாலேயே பாடிவிடுவோம் என்று தொடங்கினோம். தேசிய கீதத்தை முழுதும் பாட ஏறக்குறைய 52 விநாடிதான் ஆகும். நமக்கு அதைவிட நன்றாகவே கூடிப் போயிற்று. முன்வரிசைக் குழந்தைகள் ஓட்டமாக ஓடினார்கள். என்னைப் போன்ற பின்வரிசைப் பெரியவர்கள் இழுத்து இழுத்து வந்தோம். நடுவில் நின்றவர்கள் எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டு, முடிவு வரும்போது மறுபடி சேர்ந்துகொண்டார்கள்.

மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்குழந்தை என்னிடம் வந்தாள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதல்லவா, அதைப் பற்றி அவள் வீட்டில் நிறையப் பேசியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இசைக்குழுக்களின் முன்னால் ஒருவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று கையை ஆட்டுகிறாரே, அவர் எதையும் வாசிப்பதில்லையே, பிறகு எதற்கு அவருக்கு அவ்வளவு கைத்தட்டல் என்று கேட்டாள். அப்படி ஒருவர் இன்று நம் முன்னால் நின்றிருந்தால் நாம் சரியாகப் பாடியிருப்போமா என்றும் கேட்டாள். செய்திமடலில் பதில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தப் பதில்தான் இது. பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே சொல்லப் போகிறேன். அவர் பெயர் எம்.பி. ஸ்ரீனிவாசன். திரையுலகில் எம்.பி.எஸ். என்பார்கள்.

கை என்ன சொல்கிறது?

அவர் கதைக்குப் போகும் முன் குழந்தையின் முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது காந்திபுரம், உக்கடம் டவுன் பஸ் கண்டக்டர்தான். வண்டி ஓட்டுபவர் அவரல்ல. ஆனால் அவர் விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும், நிற்கும். இசைக்குழுவின் முன் நிற்கும் கண்டக்டரும் ஏறக்குறைய அப்படித்தான். எப்போது தொடங்குவது, எந்த வேகத்தில் போவது, யார் எப்போது நுழைவது, எங்கே சத்தத்தை ஏற்றுவது, எங்கே அடக்குவது, எங்கே எல்லோரும் ஒரே நொடியில் நிறுத்துவது என்பதையெல்லாம் அவர் கையால் சொல்கிறார்.

வழக்கமாக வலது கை கணக்கைப் பார்த்துக்கொள்ளும். நான்கு எண்ணிக்கைப் பாட்டு என்றால் கீழே, இடது, வலது, மேலே. மூன்று என்றால் கீழே, வலது, மேலே. இரண்டு என்றால் கீழே, மேலே. முதல் எண்ணிக்கை எப்போதும் கீழே இறங்குவதால், நடுவில் வழி தவறியவர்கூட அதைப் பார்த்துத் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம். இடது கை மற்ற வேலைகளைக் கவனிக்கும். உள்ளங்கை மேல் நோக்கி எழுந்தால் சத்தம் கூட வேண்டும், கீழ் நோக்கித் தாழ்ந்தால் குறைய வேண்டும். ஒரு பக்கமாக நீண்டால் அந்தப் பக்கத்தார் பாடத் தொடங்க வேண்டும். வாத்தியக் குழு என்றால் பெரும்பாலும் கையில் ஒரு சிறு கோல் இருக்கும். பாடுகிறவர்கள் குழு என்றால் பலரும் வெறும் கையாலேயே நடத்துவார்கள்.

தொடையில் தாளம் போடுவதைக் கச்சேரிகளில் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் போடும் தாளம் இப்போது நடக்கும் கணக்கைக் காட்டுகிறது. கண்டக்டரின் கையோ அடுத்து வரப்போவதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முதல் எண்ணிக்கைக்கு முன்னால் அவர் கை சற்று எழும்பும். அப்போது அவரும் மூச்சை உள்ளே இழுப்பார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் இழுப்பார்கள். கை இறங்கும்போது எல்லா வாயும் ஒன்றாகத் திறக்கும். ஆகஸ்ட் 15 அன்று நமக்கு இல்லாமல் போனது அந்த ஒரு மூச்சுதான்.

இது முழுக்க வெள்ளைக்காரர் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் கொங்கு நாட்டு ஊர்த் திருவிழாக்களில் வள்ளிக்கும்மி பார்த்திருப்பீர்கள். நூறு பேர் சுற்றி நின்று ஆடும்போது ஆசிரியரின் பாட்டையும் அடவையும் பார்த்துத்தான் அத்தனை காலும் திரும்பும். ஒருவர் தப்பினால் வட்டமே கலையும். ஒருவரைப் பார்த்துப் பலர் ஒன்றாவது நமக்குப் பழைய பழக்கம்தான்.

ஒரு சொந்தக் கதை

இதையெல்லாம் எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. வணிகவியல் படித்து வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இசை பயிலவில்லை. பயிலாததற்கு ஒரு காரணமும் உண்டு.

எனக்கு 13 வயது இருக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் குழுப் பாட்டுக்கு என் பெயரும் இருந்தது. இரண்டு வாரம் ஒத்திகைக்குப் போனேன். மூன்றாவது வாரம் என்னைப் பின்வரிசைக்கு நகர்த்தி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். விழாவன்று அப்படியே செய்தேன். அம்மா கீழே உட்கார்ந்து பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பாடுகிறான் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தார். அதற்குப் பிறகு கோயில் பஜனையிலும் சரி, தொழிற்சங்கக் கூட்டத்திலும் சரி, நான் வாயைத்தான் அசைத்தேன். ஆகஸ்ட் 15 அன்றுகூட இழுத்து இழுத்து வந்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, உண்மையில் பாதிக்கு மேல் வாயசைப்புத்தான்.

எம்.பி.எஸ்ஸின் வாழ்க்கையைப் படித்தபோது, என் பள்ளிக்கு அவரைப் போல ஒருவர் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாணவர் இயக்கத்திலிருந்து டெல்லிக்கு

மானாமதுரை பாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று சித்தூரில் பிறந்தார். வசதியான குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். அது விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். வகுப்பறையைவிட வெளியே நடந்ததுதான் அவரை இழுத்தது. மாணவர் இயக்கத்தில் சேர்ந்தார், பொதுவுடைமைக் கட்சியோடு நெருக்கமானார். அன்றைய இயக்கங்களில் மேடைப் பேச்சுக்குச் சமமான இடம் பாட்டுக்கும் உண்டு. நூறு பேர் சேர்ந்து பாடினால் பாடியவர்களுக்கே தைரியம் வரும் என்பதை அவர் அங்கேதான் கண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு டெல்லி. 1952-இல் முதல் மக்களவைக்குத் தேர்வான கேரளத்துப் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலராக வேலை பார்த்தார். நாடாளுமன்றக் காகிதங்களுக்கு நடுவிலும் இசையை விடவில்லை. அங்கே இந்துஸ்தானி இசையும் மேற்கத்திய இசையும் அவருக்கு நெருக்கமாயின. ஏற்கெனவே அறிந்திருந்த தென்னிந்திய இசையோடு இவை சேர்ந்தது பின்னாளில் பெரிதும் உதவியது.

அவருடைய திருமணமும் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. மனைவி ஜாகிதா, காஷ்மீர வழி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். தந்தை டாக்டர் சைபுதீன் கிச்லு. பள்ளியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் சத்தியபாலையும் கிச்லுவையும் ஆங்கிலேய அரசு பிடித்துக்கொண்டு போனது. அந்தக் கொந்தளிப்பில்தான் மூன்றாம் நாள் ஜாலியன்வாலா பாகில் மக்கள் கூடினார்கள். அதன் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். அந்தக் கிச்லுவின் மருமகன்தான் நம் எம்.பி.எஸ்.

திரைப்படமும் சங்கமும்

டெல்லியிலிருந்து சென்னை திரும்பிய எம்.பி.எஸ். திரையிசைக்கு வந்தார். தமிழில் அவர் பெயரைச் சொல்லும் படம் 1960-இல் வந்த பாதை தெரியுது பார். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து தங்கிவிட்ட ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் அதை இயக்கினார். உழைப்பவர்களின் ஒற்றுமையைப் பேசிய படம். தேசிய விருதுகளில் சான்றிதழ் பெற்றும் அது வசூலில் சோபிக்கவில்லை. ஆனால் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய தென்னங்கீற்று ஊஞ்சல் பாட்டு நின்றுவிட்டது. நம் வளாகத்தில் 60 வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் ஞாபகம் இருக்கும். நம் சூலூர்ப் பக்கத்துக்காரரான சிவகுமார் நடித்து 1975-இல் வந்த புது வெள்ளம் படத்துக்கும் இசை இவர்தான்.

அந்தக் காலத்துப் பாட்டுப் பதிவு எப்படி நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இன்று ஒருவர் வந்து பாடிவிட்டுப் போவார், இன்னொருவர் வேறொரு நாள் வந்து வாசித்துவிட்டுப் போவார், கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். அன்று பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒரு வயலின் தப்பினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அந்தக் கூடத்திலும் ஒருவர் முன்னால் நின்று கையால் நடத்தினார். அந்த வாத்தியக்காரர்களின் பெயர் திரையில் வராது. வேலை நிச்சயமில்லை, கூலியும் நிச்சயமில்லை.

எம்.பி.எஸ். அவர்களோடு போய் நின்றார். சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்கென்று சங்கம் அமைத்து அதை வழிநடத்தினார். நியாயமான கூலி, உரிய நேரத்தில் கையில் பணம், இவைதான் கோரிக்கைகள். பிறகு நிமாய் கோஷுடன் சேர்ந்து, லைட் தூக்குபவர் முதல் ஒப்பனை செய்பவர் வரை திரைத்தொழிலின் பல பிரிவினரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர உழைத்தார். இன்று நாம் ஃபெப்சி என்று செய்தித்தாளில் படிக்கும் சம்மேளனத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் இவர்கள் இருவரும் முக்கியமானவர்கள். இசையமைப்பாளர்களுக்கு வர வேண்டிய உரிமைத் தொகைக்காகவும் அவர் பாடுபட்டார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். இசையமைப்பாளர் என்பவர் வாத்தியக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர். முதலாளி பக்கம் நின்றிருந்தால் படங்கள் கூடியிருக்கும். தமிழில் அவருக்கு அதிகப் படங்கள் அமையவில்லை. இந்தச் சங்க வேலை அதற்கு எவ்வளவு காரணம் என்று நான் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் வங்கியில் சங்கத்தால் சம்பளமும் மரியாதையும் பெற்ற எங்கள் தலைமுறைக்கு, அப்படிப் போய் நிற்பதன் விலை என்னவென்று தெரியும்.

மலையாளம் அவரை விரும்பி ஏற்றுக்கொண்டது. 1961 நவம்பர் 14 அன்று ஓர் இளைஞர் முதல்முறையாகத் திரைப்பாட்டுக்கு ஒலிவாங்கி முன் நின்றார். படம் கால்பாடுகள், பாட்டு சாதி மத பேதத்தை மறுக்கும் ஸ்ரீ நாராயண குருவின் செய்யுள், இசை எம்.பி.எஸ். அந்த இளைஞர்தான் கே.ஜே. யேசுதாஸ். பின்னாளில் உள்கடல், ஓப்போள், யவனிகா படங்களின் பாட்டுகளும், அடூர் கோபாலகிருஷ்ணனின் எலிப்பத்தாயம் முதலிய படங்களின் பின்னணி இசையும் அவர் பெயரை நிலைநிறுத்தின. கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருது அவருக்கு ஒரு முறைக்கு மேல் கிடைத்தது.

சென்னை இளைஞர் இசைக்குழு

இவ்வளவும் செய்த மனிதர் தன் மனத்துக்கு மிகவும் பிடித்த வேலை என்று வைத்திருந்தது, கூட்டமாகப் பாட வைப்பது. கல்கத்தாவில் ரூமா குஹா தாகூர்த்தா 1958-இல் இளைஞர் கூட்டிசைக் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார். பம்பாயில் இசையமைப்பாளர் சலில் சௌத்ரியும் அப்படி ஒரு குழுவை நடத்தியிருந்தார். அதே வழியில் 1970-களின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை உருவாக்கினார். இசையையே தொழிலாகக் கொண்டவர்கள் மட்டும் வந்த குழு அல்ல அது. முறையாக இசை பயிலாதவர்களும், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை சுலபமானது அல்ல. நம் இசை ஒற்றை வழியில் போவது. எத்தனை பேர் பாடினாலும் ஒரே நேரத்தில் ஒரே ஸ்வரம்தான். மேற்கத்தியக் கூட்டிசையில் அப்படியல்ல. பெண்களின் உச்சக்குரல், பெண்களின் தாழ்குரல், ஆண்களின் உச்சக்குரல், ஆண்களின் தாழ்குரல் என்று நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு ஸ்வரம் கொடுப்பார்கள். நான்கும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பாரதி, பாரதிதாசன் பாடல்களையும், இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் எம்.பி.எஸ். இந்த முறையில் அமைத்தார். நம் ராகத்தின் சாயலும் கெடக் கூடாது, குரல்கள் பிரிந்து பொருந்தவும் வேண்டும்.

வங்கி பாஷையில் சொன்னால் எங்கள் பழைய நாள் கணக்கு மாதிரி. கம்ப்யூட்டர் வராத காலத்தில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் வேறு வேறு புத்தகம், வேறு வேறு தொகை. சாயங்காலம் எல்லாம் சேர்த்துக் கூட்டும்போது பைசா பிசகாமல் டேலி ஆக வேண்டும். எல்லோரும் ஒரே தொகையை எழுதுவது ஒற்றுமை அல்ல. அவரவர் தொகையை அவரவர் சரியாக எழுதி, கடைசியில் பொருந்துவதுதான் ஒற்றுமை. அதற்குப் பக்கத்துக் கவுன்ட்டரையும் கவனிக்க வேண்டும். கூட்டிசையிலும் பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம்

மேடைக் குழுவோடு அவர் நின்றுவிடவில்லை. 1980-களில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் பள்ளிகளில் கூட்டுப்பாடல் இயக்கம் ஒன்றை நடத்தியது. பல மாநில மொழிகளின் பாடல்களை நாடெங்கும் உள்ள மாணவர்கள் சேர்ந்து பாட வேண்டும் என்பது திட்டம். நல்ல குரல் உள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கும் திட்டம் அல்ல, பள்ளியில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்குமானது. ஓர் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர் ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார் என்பதால் ஆசிரியர்களுக்கும் முகாம்கள் நடந்தன. எம்.பி.எஸ். இந்த வேலைக்குத் தன்னைக் கொடுத்தார். முகாம் முகாமாகச் சென்று பாடிக் காட்டினார், கையசைத்து நடத்தினார்.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பாட வைப்பது எளிதல்ல. 12 முதல் 15 வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல் உடையும். நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது, நடுவில் கீச்சென்று பிசிறடிக்கும். சக மாணவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு பல பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள். விவரம் தெரிந்த பயிற்சியாளர் அந்தப் பையனை வெளியே அனுப்ப மாட்டார். சுருதியைச் சற்று இறக்கி வைப்பார், அல்லது எட்டும் ஸ்வரங்கள் மட்டும் உள்ள தாழ்ந்த பகுதியை அவனுக்குக் கொடுப்பார். குரல் நிலைபெறும் வரை அவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கும். எனக்கு 13 வயதில் வேண்டியிருந்ததும் அவ்வளவுதான் என்று இப்போது புரிகிறது. குரலில் குறை இல்லை, சுருதிதான் எட்டவில்லை.

லட்சத்தீவில் கடைசி முகாம்

1988 மார்ச்சில் அவர் லட்சத்தீவுக்குப் போனார். கொச்சிக்கு மேற்கே 220 முதல் 440 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகள் அவை. சினிமா வாய்ப்போ பெரிய மேடையோ அங்கே கிடையாது. தீவுப் பள்ளி மாணவர்களுக்குக் கூட்டுப்பாடல் சொல்லிக் கொடுக்கத்தான் போனார். அங்கேயே மாரடைப்பு வந்து மார்ச் 9 அன்று காலமானார். வயது 62.

அவர் நினைத்திருந்தால் அந்த வாரம் சென்னையில் ஒரு படத்துக்குப் பாட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். சென்னையை விட்டு, கடலைத் தாண்டிப் போய், பெயர் தெரியாத பிள்ளைகள் முன்னால் நின்றார். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது 50 வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் யாரும் பெரிய பாடகர் ஆனார்களா என்பது இங்கே கேள்வியே அல்ல.

அவர் போன பிறகும் சென்னைக் குழு அவர் பாடல்களைத் தொடர்ந்து பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே எம்.பி.எஸ். யூத் கொயர் என்ற குழு இயங்குகிறது. கண்டக்டர் இல்லாமல் போன பிறகும் குழு பாடுகிறது என்றால், அவர் சரியாகக் கற்றுக் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

இனி நம் வளாகத்துக்கு

குழந்தையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒருவர் முன்னால் நின்றிருந்தால் நாம் சரியாகப் பாடியிருப்போமா? பாடியிருப்போம். அந்த ஒருவர் நம் பிள்ளைகளில் ஒருவராகவே இருக்கலாம்.

ஜனவரி 26-க்கு என் யோசனை இது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கிளப் ஹவுஸில் கூடட்டும். முதல் வாரம் பாட்டே வேண்டாம். கையால் நான்கு எண்ணிக்கையைப் பழகட்டும்: கீழே, இடது, வலது, மேலே. கண்ணாடி முன் நின்று பழகினால் நல்லது. இரண்டாம் வாரம் ஒருவர் கையைத் தூக்க, மற்றவர்கள் சேர்ந்து மூச்சிழுத்து ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, கை மூடும்போது நிறுத்தட்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும், செய்து பார்த்தால் வியர்க்கும். மூன்றாம் வாரம் தேசிய கீதம். அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஓர் எளிய பாட்டை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி ஒரு வரி முடித்த பின் அடுத்த அணி தொடங்கட்டும். முன்னால் நிற்பவர் இரண்டு அணியையும் கையால் அழைத்துச் செல்ல வேண்டும். வாரம் ஒருவர் முறை வைத்து நடத்தலாம். எதிரே நிற்கும் இருபது பேரை ஒரே நேரத்தில் கேட்பது என்னவென்று அப்போது தெரியும். வளாகத்தில் பாட்டு வகுப்பு எடுக்கும் அம்மா சுருதி பார்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார்.

ஒரே ஒரு நிபந்தனை. குரல் தேர்வு கூடாது. சென்ற முறை விழாக்குழுவில் பாட்டு கற்ற பிள்ளைகள் மட்டும் மேடையில் பாடட்டும், மற்றவர்கள் கீழே உட்காரட்டும் என்று பேச்சு வந்தது. நிகழ்ச்சி அழகாக வர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கீழே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அதை எத்தனை வருடம் சுமக்கும் என்று எனக்குத் தெரியும். வருகிற பிள்ளைகள் எல்லோரும் பாடட்டும். எட்டாத குரலுக்கு எட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பது முன்னால் நிற்பவரின் வேலை.

பெரியவர்களும் வரலாம். பின்வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்கள். இந்த முறை சத்தமாகத்தான் பாடப் போகிறேன். பிசிறடித்தால் அந்த ஒன்பதாம் வகுப்புக் குழந்தை இடது கையைத் தாழ்த்திக் காட்டட்டும், குறைத்துக்கொள்கிறேன்.